மலைச் சப்பாத்தும் சமதரை வீதியும்

சப்பாத்து அணிந்து சைக்கிள் ஓடும் வழக்கம் யாழ்ப்பாணத்தாராகிய எங்களிடையே என்றும் வேரூன்றியதில்லை. இறப்பர்க் கட்டை பதித்த றலி வண்டி மிதிகளில் வெறுங்காலையோ செருப்புக்காலையோ வைத்து மிதித்தே பள்ளிக்கூடமும் சந்தையும் கோயிலும் போய் வந்தோம். செருப்பு நழுவினால் கால் தரையைத் தொடும். கால் தரையைத் தொட்டால் வண்டி நிற்கும். அவ்வளவில் எங்கள் சைக்கிட் சாத்திரம் முடிந்தது. காலுக்கும் மிதிக்கும் இடையிற் பூட்டுப் போடலாம் என்பதும், அந்தப் பூட்டிலும் இனங்கள் உண்டு என்பதும், ஓரினத்துப் பூட்டை மற்றோரினத்து வண்டியிற் போடுவதை இழுக்கென எண்ணுவோர் உலகில் இருக்கின்றனர் என்பதும் எனக்கு ஐம்பத்தேழாம் வயதிலேதான் தெரிய வந்தன. அதனைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை வலது மணிக்கட்டில் ஓர் எலும்பு.

கனடாவில் வாழும் என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் பந்தயச் சைக்கிளைப் பெட்டியில் அடைத்து விமானத்திற் கொண்டு வந்தான். மூன்று கிழமை ஊரெல்லாம் ஓடினான். திரும்பும்போது, "மாமா, இதை நீங்களே வைச்சு ஓடுங்கோ. அங்கை எனக்கு வேறை ஒண்டு இருக்கு" என்று சொல்லிச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனான். சப்பாத்தையும் விட்டுச் சென்றான். எங்கள் இருவருக்கும் காலளவு ஒன்றே.

வண்டியோ ஒரு விரலில் தூக்கத்தக்கது போன்ற இலேசு. சப்பாத்தின் அடியில் முக்கோணம் போன்ற பிளாஸ்ரிக் துண்டொன்று மூன்று திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. 'கிளீற்' என்று அதனை அழைப்பர். மிதியிற் கொழுவிக்கொள்ளும் பொருளாதலின் நான் அதனைக் கொழுவி என்றே இங்கு எழுதுகிறேன். மிதியின் முன்னுதட்டுக்குள் கொழுவியின் மூக்கைச் செருகி, காலை அழுத்தினால், 'சடக்' என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமாயின் குதிக்காலை வெளிப்புறமாகத் திருப்புதல் வேண்டும். பின்னே இழுத்தால் வராது. மேலே தூக்கினாலும் வராது. இந்தச் செய்தியை எனக்கு விளங்கப்படுத்த மருமகனுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. என் கால்களுக்கு அது விளங்கியிருக்கவில்லை.

விழுந்த இடம் திருநெல்வேலிச் சந்தி. உரும்பிராயிலிருந்து பலாலி வீதி வழியே வந்துகொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. சந்தை கூடும் நேரம். முன்னே சென்ற பஸ் வண்டி ஆளை ஏற்றுவதற்காகச் சட்டென ஓரங்கட்டிற்று. பிறேக்கைப் பிடித்து இடக்காலைக் கழற்றினேன். அது ஒழுங்காகவே கழன்றது. ஆயின் பஸ்ஸுக்கு விலகுவதற்காகக் கைபிடியை வலப்பக்கம் ஒடித்திருந்தமையால் உடலும் வலப்பக்கமே சாய்ந்தது. நாற்பது வருடப் பழக்கத்தில் வலக்காலைத் தரைக்கு இழுத்தேன். அது வரவில்லை. நின்ற வண்டியோடு, நட்ட மரம் சரிவதுபோல, வீதியின் நடுப்பக்கமாக விழுந்தேன். பின்னே வந்த ஓட்டோ என் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. அந்தச் சாரதியின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. விழுந்த பின்னும் வலக்கால் மிதியை விடவில்லை. சந்தைக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னைக் கைகொடுத்துத் தூக்க, என்னோடு சைக்கிளும் சேர்ந்து எழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானாயிருந்தாலும் சிரித்திருப்பேன்.

ஆறு கிழமை கை மாவுக்கட்டில் இருந்தது. வகுப்பில் நான் சொல்ல, மாணவர் ஒருவர் மாறி ஒருவராகக் கரும்பலகையில் எழுதினர். வீட்டிலே தீர்ப்பு ஒரு வசனத்தில் வழங்கப்பட்டது: "இஞ்சாருங்கோ, இனி உந்தச் சைக்கிளிலை ஏறினால் நான் தங்கச்சி வீட்டை போயிடுவன்."

கை ஓய்ந்திருந்தபோது இந்தப் பூட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தோற்றுப் போனவனுக்கு எதிரியின் குலமரபை அறிய ஆவல் உண்டாவது இயல்பே.

மிதியோடு காலைப் பிணைக்கும் எண்ணம் பழையது. 1895 இலேயே ஐக்கிய அமெரிக்காவில் சாள்ஸ் ஹான்சன் என்பவர் இத்தகைய மிதி ஒன்றை ஆக்கினார். ஆயினும் பந்தய வீரர்கள் நெடுங்காலம் கையாண்டது வேறு முறை: விரல்களை மூடும் உலோகக் கூடு ஒன்றை மிதியிற் பொருத்தி, தோல்வாரினால் பாதத்தை இறுக்கிக் கட்டினர். 1969 முதல் 1974 வரை ஐந்து முறை பிரான்சுப் பெருஞ்சுற்றை வென்ற எடி மெர்க்ஸ் அப்படித்தான் ஓடினார். நிற்க வேண்டுமானால் முதலிற் குனிந்து வாரைத் தளர்த்தல் வேண்டும். 1970 களின் தொடக்கத்தில் இத்தாலியரான சினோ சினெல்லி (1943 இல் மிலான் – சான் ரேமோப் பந்தயத்தை வென்றவர் இவரே) வார் இல்லாத பூட்டு மிதி ஒன்றை விற்பனைக்கு விட்டார். அதனைத் திறக்கவும் கையால் ஒரு நெம்புகோலை அசைக்க வேண்டியிருந்தது. அதற்கு 'மரண மிதி' என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். திருநெல்வேலிச் சந்தியை எண்ணிக்கொண்டேன்.

திருப்பம் பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பிரான்சின் நெவேர் நகரில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு காலைப் பிணைக்கும் பூட்டுகளைச் செய்துவந்த லுக் நிறுவனம், விழும்போது தானே விடுகின்ற அந்தப் பொறியின் தத்துவத்தைச் சைக்கிளுக்கு ஏற்றி 1984 இல் ஒரு மிதியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பேர்னாட் ஹினோல்ற் அதனை மிதித்துத் தம் ஐந்தாவது பெருஞ்சுற்றை வென்றார். கூடும் வாரும் அதன் பின் விரைவில் மறைந்தன. இன்றைய வீதிப் பந்தயச் சப்பாத்துகளில் உள்ள மூன்று திருகாணிக் கொழுவி அந்த மரபினது.

இங்கே தமிழாசிரியனாகிய நான் ஒன்றைச் சொல்லாமற் போக முடியாது. இத்தகைய மிதியை ஆங்கிலத்தில் 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது, என்கிறார்கள். காலைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே செய்த பொருளுக்குக் கவ்வி இல்லாதது என்று பெயர்! பழைய விரற்கூட்டுக்குக் கிளிப் என்று பெயர் இருந்தது. அது நீங்கியதனால் இப்பெயர் வந்தது. போனதை வைத்து வந்ததற்குப் பெயரிடும் விநோதம் எம்மொழியிலும் உண்டு. எனினும் முதன்முறை கேட்பவனை இது வீழ்த்தியே விடும்.

இனி மலைச் சைக்கிளின் கதை. கரடுமுரடான மலைப்பாதையில் ஓடுபவன் இடையிடையே இறங்கி வண்டியைத் தோளிற் சுமந்து நடக்க வேண்டியவன். பிளாஸ்ரிக் முக்கோணம் துருத்தி நிற்கும் அடியோடு அவன் பாறையில் நடக்க இயலாது. ஜப்பானில் சக்காய் என்றொரு நகர் உண்டு. வாளும் துப்பாக்கியும் வடித்த கொல்லர்களின் பழம்பதி. அங்கே 1921 இல் தொடங்கப்பெற்ற ஷிமானோ நிறுவனம் 1990 இல் 'எஸ்.பி.டி.' என்ற மிதியை வெளியிட்டது. அதன் கொழுவி பெருவிரலளவான சிறிய உருக்குத் துண்டு. இரண்டே திருகாணிகள். சப்பாத்தின் இறப்பர் அடியில் ஒரு குழி விட்டு அக்குழிக்குள் அது பதிந்திருக்கும். ஆகவே நடக்கும்போது நிலத்தைத் தொடுவது இறப்பரே. மிதியும் இரு முகமும் ஒன்றேயானது. எந்தப் பக்கம் புரண்டு நின்றாலும் கால் பூட்டிக்கொள்ளும். வீதிப் பந்தய மிதியோ ஒரு முகத்தது. பாரமான பின்புறம் கீழே தொங்க, ஒவ்வொரு முறையும் சப்பாத்தின் நுனியால் அதனை நிமிர்த்திக்கொண்டு செருக வேண்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மலை மிதியை இந்த வண்டியிற் பூட்டினால் என்ன? நான் மலையேறப் போவதில்லை. எங்கள் குடாநாட்டில் ஏறுவதற்கு மலையும் இல்லை. நான் செய்வதெல்லாம் இறங்குவதும் நடப்பதுமே: கடையில் இறங்குவேன், தெரிந்தவரைக் கண்டால் இறங்குவேன், கோயில் வாசலில் இறங்குவேன். வாழ்வில் மலைச் சைக்கிள்காரனுக்கு உள்ள தேவையே எனக்கும் உள்ளது.

கை சரியானதும் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். அவர் என் அப்பாவின் வண்டிக்கும் ஒட்டுப் போட்டவர். விடயத்தைச் சொல்லி, இந்த வண்டியின் தண்டில் அந்த மிதி ஏறுமா என்று கேட்டேன். அவர் பந்தய மிதியைக் கழற்றி மரையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "மாஸ்ரர், எல்லாம் ஒரே மரைதான். மலையெண்டும் றோட்டெண்டும் பேர்தான் வேறை" என்றார். உண்மையே. இக்காலத்துப் பெரும்பாலான வண்டிகளில், அவை எவ்வினத்தனவாயினும், மிதியச்சு 9/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரியும் கொண்டது. வலது மிதி வழக்கமான புரி. இடது மிதி எதிர்ப்புரி, மிதிக்க மிதிக்கக் கழன்று போகாதிருக்கும் பொருட்டு. கழற்றுவோர் இதனை மறந்து இடது மிதியையும் வலதுபோலத் திருகினால் இன்னும் இறுகும். சாவியை மேல்நோக்கி வைத்து, பின்சில்லுப் பக்கமாகத் தள்ளினால் இரண்டும் கழலும் என்பது அவர் சொல்லித் தந்த எளிய விதி. பூட்டுமுன் மரைக்குக் கிறீஸ் பூச வேண்டும் என்பதையும் சொன்னார். உப்புக்காற்று வீசும் ஊரில் அதனை மறப்பவன் மறுமுறை மிதியைக் கழற்ற மாட்டான்.

சப்பாத்துத்தான் தனிச் செலவு. மூன்று துளைச் சப்பாத்தில் இரு திருகாணிக் கொழுவியை இடைத்தகடு ஒன்றின் உதவியாற் பூட்டலாம். ஆனால் அப்போது உருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடப்பதற்கென்று மாற்றியவன் நடக்க முடியாதவனாவான். ஆகவே மிதியை மாற்றுவோர் சப்பாத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.

மருமகனுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின், "மாமா, றேஸ் சைக்கிளுக்கு மலைச் சைக்கிளின்ர பெடலோ? ஆரும் கண்டால் சிரிப்பினம்" என்றான்.

"விழுந்தபோதும் சிரிச்சவைதான்" என்றேன்.

அவன் சொன்ன நியாயங்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். முதலாவது பாரம். நான் கேட்ட எம் 520 என்னும் மலை மிதி ஒரு சோடி 380 கிராம். நடுத்தர விலையுள்ள வீதி மிதி ஒரு சோடி ஏறக்குறைய 265 கிராம். வித்தியாசம் ஒரு வாழைப்பழம். மலை முகட்டில் விநாடிகளை எண்ணுபவனுக்கு வாழைப்பழமும் பாரமே. நானோ காலையில் இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டே புறப்படுபவன். இரண்டாவது, வீதிக் கொழுவியின் அகலம். அழுத்தம் பாதத்தின் பெரும் பரப்பிற் பரவுகிறது. சிறிய உருக்குத் துண்டிலோ ஓரிடத்திற் குவிகிறது. மெல்லிய அடியுள்ள சப்பாத்தாயின் இரண்டு மணி நேரத்தில் பெருவிரலின் பின்மேட்டில் தணல் வைத்தாற்போல எரியும். இது மெய்யான குறை. மருந்து மிதியில் இல்லை, சப்பாத்தில் இருக்கிறது: அடி வளையாத விறைப்பான மலைச் சப்பாத்தை அணிந்தால் அந்த எரிவு பெரும்பாலும் தோன்றாது. ஆனால் விறைப்புக் கூடக் கூட நடை கடினமாகும். நான் நடுவான ஒன்றைத் தெரிந்தேன்.

மூன்றாவதாக அவன், பூட்டிய காலால் மேலே இழுத்தும் விசை பெறலாம், அதற்கு வீதிச் சப்பாத்தே சிறந்தது என்றான். இந்த மேலிழுப்பைப் பற்றி ஊரெல்லாம் நம்பிக்கை இருக்கிறது. 2007 இல் வெளியான ஓராய்வு, மிதியை வேண்டுமென்றே மேலே இழுப்போர் அதே வேலைக்குக் கூடுதலான சத்தைச் செலவிடுகின்றனர் என்று காட்டிற்று. பூட்டின் பயன் வேறு. காற்றிலும் மழையிலும் கால் நழுவாது. பாதம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நிற்கும். அந்தப் பயனை இரண்டு இனமும் ஒருபடித்தாகவே தருகின்றன.

அவன் வாதாடிவிட்டு, அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் மிதியையும் சப்பாத்தையும் கொடுத்தனுப்பினான். பொதிக்குள் இன்னொரு சோடிக் கொழுவியும் இருந்தது. மிதியோடு வருவது 51 ஆம் இலக்கத்தது. குதிக்காலை வெளியே திருப்பினால் மட்டுமே விடும். அவன் தனியாக வாங்கி வைத்திருந்தது 56 ஆம் இலக்கத்தது. பல பக்கமாகத் திருப்பினாலும், பதற்றத்திற் காலைச் சரித்து மேலே பிடுங்கினாலும் விடும். அதைப்பற்றி அவன் ஒரு சொல்லும் எழுதவில்லை.

கொழுவியைப் பூட்டுவதில் நான் பட்டபாட்டைச் சொன்னாற் பிறருக்குப் பயன்படும். பெருவிரலின் பின்மேடு மிதியச்சுக்கு நேரே வருமாறு அதனை வைக்க வேண்டும். கோணம் அதைவிட முக்கியம். நாம் நிற்கும்போது சிலர் பாதம் வெளியே பார்க்கும், சிலர் பாதம் நேரே பார்க்கும். கால் எப்படி நிற்க விரும்புகிறதோ அப்படியே கொழுவியும் நிற்க வேண்டும். இந்தக் கொழுவிகள் பூட்டிய பின்னும் சில பாகை அசைய இடம் தருகின்றன. ஆயினும் நான் முதலில் வலது கொழுவியை உட்புறமாகத் திருப்பிப் பூட்டியதால் இரண்டு நாளில் முழங்காலின் பக்கவாட்டில் நோவு கண்டது. ஒரு நெல்லளவு திருப்பினேன், நோவு நின்றது. திருகாணிகளைக் கிறீஸ் பூசி நன்றாக இறுக்குதல் இன்றியமையாதது. தளர்ந்த கொழுவி மிதிக்குள் இருந்தபடி சப்பாத்தை மட்டும் சுழலவிடும். அப்பொழுது எவ்வளவு திருப்பினாலும் கால் வெளியே வராது. மிதியிலுள்ள சுருள்வில்லின் இறுக்கத்தை ஒரு சிறு திருகாணியாற் கூட்டவும் குறைக்கவும் முடியும். நான் அதனை ஆகக் குறைந்த அளவில் வைத்தேன். மிதியின் உயரமும் சப்பாத்தடியின் தடிப்பும் மாறியமையால் இருக்கையையும் சில மில்லிமீற்றர் மாற்ற நேர்ந்தது.

பிறகு பயிற்சி. முற்றத்து முருங்கை மரத்தை ஒரு கையாற் பிடித்தபடி வண்டியில் இருந்து, இடக்காலைப் பூட்டுவதும் கழற்றுவதும், வலக்காலைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக ஒரு கிழமை. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள், "வலக்காலைத்தான் கூடப் பழகுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

திருநெல்வேலிச் சந்தியை அணுகியபோது நெஞ்சு அடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்திக்கு நூறு யார் முன்னரே இரண்டு காலையும் கழற்றிவிட்டேன். இந்த மிதியின் இன்னொரு நன்மை அங்கே விளங்கிற்று: பூட்டாமலும் சப்பாத்தின் இறப்பரால் மிதித்துக்கொண்டு போகலாம். சந்தியைக் கடந்த பின் பூட்டிக்கொண்டேன். மூன்று மாதத்தின் பின் 51 ஆம் இலக்கக் கொழுவிக்கு மாறினேன். ஏனெனில் இருக்கையை விட்டெழுந்து மிதிக்கையில் மற்றையது இரண்டொரு தடவை எண்ணாமல் விட்டுவிட்டது.

இது கிழவர்களின் ஒதுங்குமுறை என்று இளைஞர் எண்ண வேண்டாம். சேற்றிலும் தடைகளிலும் வண்டியைத் தோளிற் போட்டு ஓடும் சைக்கிளோகுறொஸ் பந்தயத்தில், வீதிச் சைக்கிள் போன்ற வளைந்த கைபிடி வண்டியில் மலை மிதியே பூட்டப்படுகிறது. 1891 இல் முதன்முதல் நடந்து, இப்பொழுது நான்கு ஆண்டுக்கொருமுறை நடக்கும் பாரிஸ் – பிறெஸ்ற் – பாரிஸ் நெடுஞ்செலவில் 1200 கிலோமீற்றரை ஆகக்கூடியது 90 மணியில் ஓடி முடிக்க வேண்டும். சாவடிதோறும் இறங்கிக் கையேட்டில் முத்திரை பெற்று, உண்டு, சற்றே உறங்கி எழும்பும் அந்த ஓட்டத்தினரிற் பலர் வீதி வண்டியில் மலைச் சப்பாத்தோடு ஓடுபவர்களே. அவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை.

சென்ற ஆவணியில் மருமகன் மீண்டும் வந்தான். மிதியையும் சப்பாத்தையும் பெட்டியிற் கொண்டுவந்து, நண்பனிடம் இரவல் வாங்கிய றேஸ் சைக்கிளிற் பூட்டினான். மூன்று திருகாணி வகைதான். இருவரும் வட்டுக்கோட்டை வழியாகப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குப் போனோம். பாலத்தில் அவன் என்னைவிட வெகுதூரம் முன்னே சென்றான். அது சப்பாத்தினால் அன்று, முப்பது வயதினால். கசூரினாக் கடற்கரையில் அவன் சவுக்கு மர நிழல்வரை வாத்துப்போல் நடந்து, பின் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுடுமணலில் துள்ளித் துள்ளி ஓடினான். நான் சப்பாத்தோடு நடந்துபோய் இளநீர் வாங்கி வந்தேன்.

திரும்பும்போது அவனுடைய கொழுவி பூட்டவில்லை. மணல் அதன் மூக்கிலும் இடுக்கிலும் அப்பியிருந்தது. ஒரு காலால் மிதித்தபடி பாலம்வரை வந்தவன், அங்கே இறங்கி, கரையிற் கிடந்த ஈர்க்கொன்றை எடுத்துச் சப்பாத்தின் அடியைக் கிண்டத் தொடங்கினான். என் கொழுவியிலும் மணல் இருந்தது. மிதியின் உருக்கு விளிம்பில் இரண்டு தட்டுத் தட்ட அது உதிர்ந்து பூட்டிக்கொண்டது.

"மாமா, கொஞ்சம் பொறுங்கோ" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

நான் ஒரு காலை மிதியிற் பூட்டி, மறுகாலைத் தரையில் ஊன்றி, சோளகத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.